கிறகரியின் பெயரில் ஒரு பிடி மண்

இது நடந்தது. கதை கட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம், எனக்குக் கோபமில்லை. பேய் என்றால் நடுச்சாமம், சுடுகாடு, நரி ஊளை என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கும் கொஞ்சம் ஏமாற்றம்தான். இதில் எல்லாமே பின்னேரத்தில், சூப் அடுப்பில் கொதிக்கிற நேரத்தில் நடந்தது. 2024ஆம் ஆண்டு, ஒக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் முதல் கிழமை வரை. மொன்றியலில்.

நேரங்களை நான் சரியாகத்தான் சொல்லுவேன். குணேஸ்வரி வயதானவர்களை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் வேலை செய்பவள். மருந்து கொடுத்த நேரம், சாப்பாடு கொடுத்த நேரம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதியே ஆகவேண்டும். அந்தக் கொப்பியை நான் பார்த்திருக்கிறேன். மருந்துப் பெயர்களுக்கு நடுவில், மருந்தோடு சம்பந்தமே இல்லாத சில வரிகள் தமிழில் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த வரிகளில் கையெழுத்துக் கோணியிருக்கிறது.

குணேஸ்வரிக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. சென்ட் லோரன்டில் இரண்டு அறை வாடகை வீட்டில் தனியாக இருந்தாள். ஒரே மகள் நிருஷா வேலை கிடைத்து டொரோன்டோவுக்குப் போய்விட்டாள். பொய் சொல்லத் தெரியாத மனுசி என்று அவளைச் சனம் சொல்லும். அது உண்மைதான். தெரியாததால்தான் ஒன்றைச் சொல்லப் போய், அதற்கு மேல் அடுக்கடுக்காகச் சொல்லவேண்டி வந்தது.

கிழமையில் ஐந்து நாள், மத்தியானம் ஒரு மணியிலிருந்து ஆறு மணி வரை அவள் ரொக்ஸ்பரோவில் மொரீன் என்ற கிழவியைப் பார்த்துக்கொண்டாள். மொரீனுக்குத் தொண்ணூற்றிரண்டு வயது. கால் வராது, கை நடுங்கும், மூளை மட்டும் கத்தி மாதிரி. கலியாணம் கட்டவில்லை. அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில், விமானப்படை உடுப்போடு சிரித்துக்கொண்டு நிற்கும் ஒரு பெடியனின் படம் இருந்தது. அது அண்ணன் கிறகரி. 1944இல், இருபத்தொரு வயதில், திருகோணமலைக் கடலுக்குப் பக்கத்தில் விமானம் விழுந்து செத்துப்போனான். நிலாவெளி வீதியில் இருக்கும் போர்க்கால இடுகாட்டில் புதைத்தார்கள். மொரீனுக்கு அப்போது பதினொரு வயது.

அந்தக் குடும்பத்திலிருந்து ஒருவர்கூட எண்பது வருசமாக அந்தக் கல்லைப் போய்ப் பார்க்கவில்லை. தகப்பன் முதலாம் உலக யுத்தத்துக்குப் போய் உயிரோடு திரும்பிய சிப்பாய். மகனுடைய மண்ணைத் தொடவேண்டும் என்று சொல்லிச் சொல்லியே செத்தார். புவாண்ட்-கிளேரில் படைவீரர்களைப் புதைக்கும் இடுகாட்டில், புல்லோடு புல்லாகப் பதித்த ஒரு கல்லுக்குக் கீழே அவர் கிடக்கிறார். கல்லில் அவருடைய பெயருக்குக் கீழே இன்னொரு வரி: மகன் கிறகரி, இலங்கையில் அடக்கம். மொரீன் ஒருமுறை டிக்கெட் எடுத்து, பெட்டி அடுக்கி, கிளம்பத் தயாராக இருந்தாராம். 1983ஆம் ஆண்டு, கலவரம் நடந்த ஆடி மாதம். ஏன் போகவில்லை என்று நமக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

போன ஆவணியில் தங்கச்சி மகள் வினோஜாவின் கலியாணத்துக்கு ஊருக்குப் போவதாகக் குணேஸ்வரி சொன்னபோது, மொரீன் அண்ணனின் படத்தைப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் கேட்டார். நான் தமிழில் சொல்கிறேன்.

"நீ போகிற இடத்துக்கும் திருகோணமலைக்கும் தூரமா?"

"இல்லை, மேடம். பக்கம்தான்."

பக்கம்தான் என்று எவ்வளவு லேசாக வாயில் வந்துவிட்டது! அடுத்த நாள் ஒரு சின்ன மார்மலேட் போத்தலைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். நடுங்குகிற கையால் தானே கழுவினாராம். ஒரு பிடி மண் போதும். நவம்பர் பதினோராம் தேதி, நினைவு நாளன்று, அதைத் தகப்பனின் கல்லுக்குப் பக்கத்தில் போடவேண்டும். அதற்குப் பிறகு செத்தாலும் பரவாயில்லை.

"அள்ளும்போது அவனிடம் சொல்லு. வீட்டுக்கு வா, உன் சகோதரி காத்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லு."

"கட்டாயம் சொல்லுறன், மேடம்," என்று அவள் ஆங்கிலத்தில் சத்தியம் பண்ணிக் கொடுத்தாள்.

தங்கச்சி யோகேஸ்வரியின் வீடு புதுக்குடியிருப்புப் பக்கம். யுத்தம் முடிந்து சில வருசம் கழித்து வாங்கிய காணி. அங்கிருந்து திருகோணமலைக்கு வான் வண்டியில் மூன்று மணித்தியாலம். புதன்கிழமை போவதென்று குணேஸ்வரி வானுக்குச் சொல்லிவைத்தாள். ஆனால் திங்கட்கிழமை பொன்னுருக்கு. தாலிக்குப் பொன்னை உருக்கி, அன்றைக்கே வீட்டின் வடகிழக்கு மூலையில் குழி தோண்டி, முள்முருக்கந் தடியைக் கன்னிக்காலாக நட்டுவிட்டார்கள். கன்னிக்கால் நட்டுவிட்டால் அது முழுக்கக் கலியாண வீடு. துடக்கு, செத்தவீடு எதுவும் கிட்ட வரக்கூடாது.

"உனக்கென்ன விசரே, அக்கா?" என்று யோகேஸ்வரி சீறி விழுந்தாள். "கலியாண வீட்டிலை இருந்து ஆரும் சவக்காலைக்குப் போறதோ?"

"அது வெள்ளைக்காரற்றை சவக்காலையடி."

"வெள்ளைக்காரன் செத்தா அது சவமில்லையோ?"

குணேஸ்வரி வானை நிற்பாட்டினாள். கலியாணம் முடிந்ததும் நாலாஞ் சடங்கு வந்தது. பிறகு மாப்பிள்ளை வீட்டு விருந்து. பிறகு சொந்தக்காரர், பிறகு வயிற்றுக் குழப்பம். கண்ணை மூடித் திறப்பதற்குள் கடைசி நாள். பெட்டி அடுக்கும்போது சீலைகளுக்கு நடுவிலிருந்து அந்த மார்மலேட் போத்தல் உருண்டு வந்தது. வெறும் போத்தல்.

பின்னேரம் 6:10. வெளிச்சம் போகிற நேரம். மைமல் என்று நாங்கள் சொல்லும் நேரம்.

அவள் பின்வளவுக்குப் போனாள். வடகிழக்கு மூலையில் கன்னிக்கால் துளிர்விட்டிருந்தது. குழியிலிருந்து வெட்டிப்போட்ட மண் பக்கத்தில் குவியலாகக் கிடந்தது. எல்லாம் ஒரே நாட்டு மண்தானே, கிழவிக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்துக் குனிந்து அள்ளினாள். அள்ளும்போது வெட்கமாக இருந்தது. பாதிப் பொய்யையாவது உண்மையாக்குவோம் என்று, சொல்லச் சொன்னதைச் சொன்னாள். அந்த மண்ணுக்கு முன்னால் நின்று ஆங்கிலம் பேச வாய் வரவில்லை. தமிழில்தான் சொன்னாள். படத்தில் இருந்தவனுக்கு இருபத்தொரு வயது, தன் மகளைவிடச் சின்னவன். அவனை அவள் வேறு எப்படிக் கூப்பிடுவாள்?

"தம்பி, வாங்கோ. வீட்டை போவம். அக்கா பாத்துக்கொண்டிருக்கிறா."

குசினிப் பக்கமிருந்து யோகேஸ்வரி கத்தினாள், "மைமலுக்கை அங்கை என்ன செய்யிறாய்? உள்ளுக்கு வா!"

வெளிநாட்டு மண்ணைக் கனடாவுக்குள் கொண்டுவரக் கூடாது. அவள் போத்தலைத் துணியில் சுற்றி, மிளகாய்த்தூள் பக்கற்றுகளுக்கு நடுவில் செருகினாள். விமான நிலையத்தில் ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. பார்த்துத் தூக்கிக் குப்பையில் போட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு பலமுறை நினைத்தாளாம்.

மொரீன் போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். தொண்ணூற்றிரண்டு வயதில் ஒருவர் குழந்தை மாதிரி அழுவதைப் பார்ப்பது லேசான காரியமில்லை. பிறகு கேள்விகள் வந்தன. அந்த இடம் அமைதியாக இருந்ததா? மரங்கள் உண்டா? பூ வைத்தாயா?

"வைச்சனான், மேடம்."

"என்ன பூ?"

"வெள்ளைப் பூ."

மொரீன் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்து முத்தமிட்டார். குணேஸ்வரி குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, கண்ணாடியைப் பார்க்காமல் நின்றாள். அந்தக் கைகளை அன்று மூன்று தரம் சோப் போட்டுக் கழுவினாள்.

போத்தல் கட்டிலுக்குப் பக்கத்தில், கிறகரியின் படத்துக்குக் கீழே இருந்தது. ஒன்றரை மாதம் ஒன்றும் நடக்கவில்லை.

ஒக்டோபர் 22. கொப்பியில் முதல் வரி. "பின்னேரம் 5:55. தண்ணிக் கிளாஸ் வெறுமை. மேடம் நித்திரை."

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். மொரீனுக்குக் கை நடுங்கும். யாராவது பிடித்துக் கொடுக்காமல் அவரால் ஒரு மிடறு குடிக்க முடியாது. குணேஸ்வரி ஐந்தரைக்கு நிரப்பி வைத்தாள். ஐந்து ஐம்பத்தைந்துக்கு அடியில் ஒரு சொட்டு இல்லை.

23ஆம் தேதியும் அப்படியே. 24ஆம் தேதி இரண்டு கிளாஸ் வைத்துப் பார்த்தாள். இரண்டும் வெறுமை.

25ஆம் தேதி கட்டில் விரிப்பை உதறினாள். சரசரவென்று மண் கொட்டியது. போத்தலைப் பார்த்தாள். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது.

அன்றைக்கு மொரீன் சாதாரணமாகச் சொன்னார், "கிறகரி வந்துவிட்டான்."

வயதானவர்கள் செத்தவர்களைக் கண்டதாகச் சொல்வது இந்த வேலையில் புதிதில்லை. குணேஸ்வரி தலையணையைச் சரிசெய்துகொண்டே சிரித்தாள்.

"கதிரையில் இருக்கச் சொன்னேன். மாட்டானாம். அந்த மூலையில், நிலத்தில் குந்தியிருக்கிறான்."

சிரிப்பு அரைவாசியில் நின்றது.

"நன்றாக மெலிந்துவிட்டான். கறுத்தும் போய்விட்டான். எண்பது வருச வெயில், பாவம். காலில் சப்பாத்தும் இல்லை."

"மேடம், நீங்கள் கனவு கண்டிருப்பியள்."

"இருக்கலாம்," என்றார் மொரீன். "ஆனால் ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. நான் பேசினால் அவன் திரும்பிப் பார்ப்பதில்லை. நீ போனில் உன் மகளோடு பேசும்போது மட்டும் தலையை நிமிர்த்துகிறான்."

குணேஸ்வரி போனை எடுத்துப் பைக்குள் போட்டாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்குள் அவள் தமிழில் வாய் திறக்கவில்லை. நிருஷா எடுத்தால் உடைந்த ஆங்கிலத்தில் பதில் சொன்னாள்.

"அம்மா, வட் இஸ் திஸ்? ஏன் என்னோடை இங்கிலிஷிலை கதைக்கிறீங்கள்? சுகமில்லையா?"

"நோ, நோ. ஐ ஆம் ஃபைன். பேந்து... லேட்டர், லேட்டர்."

வாய் தவறி வந்த அந்த 'பேந்து' என்ற ஒரு சொல்லுக்கே, மூலைப் பக்கம் நிலப்பலகை ஒருதரம் முனகியது.

நவம்பர் மூன்றாம் தேதி ஊரெல்லாம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினார்கள். வந்தவனும் தள்ளிக்கொண்டான். நாலரைக்கே மைமல்.

நவம்பர் 5. செவ்வாய். 4:38.

குணேஸ்வரி குசினியில் சூப் கிண்டிக்கொண்டிருந்தாள். அலுமாரித் தட்டில், மொரீனின் அறைச் சத்தத்தைக் கேட்பதற்கான சின்னப் பெட்டி இருந்தது. குழந்தைகளின் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைப்பார்களே, அது. அதில் மொரீனின் குறட்டை கேட்டது. இழுத்து விடுகிற, பழகின குறட்டை.

4:40. குறட்டைக்கு நடுவில் இன்னொரு மூச்சு.

வேகமான மூச்சு. ஓடிக் களைத்தவனின் மூச்சு.

அகப்பை கையில் அப்படியே நின்றது.

சரக்... சரக்... வெறுங்கால், மண்ணில் நடக்கிற சத்தம். அந்த அறையில் கம்பளம் விரித்திருக்கிறது. கம்பளத்தில் அப்படிச் சத்தம் வராது.

சரக்...

பிறகு, பெட்டிக்கு மிகக் கிட்ட வந்து, யாரோ வாயை வைத்துச் சொன்னதுபோல:

"அக்கா..."

இளம் குரல். நம்முடைய குரல்.

அவள் ஓடினாள். வெளியே இல்லை, அறைக்குத்தான். கிழவியை விட்டுவிட்டு ஓடுகிற ஆள் இல்லை அவள், அதைச் சொல்லத்தான் வேண்டும். விளக்கைப் போட்டாள். மூலையில் ஒன்றும் இல்லை. மொரீன் கண் விழித்துக் கிடந்தார்.

"குணி, 'அக்கா' என்றால் என்ன?"

குணேஸ்வரி வெறும் கிளாஸைக் கையில் எடுத்தாள்.

"ஒவ்வொரு நாளும் அதைத்தான் சொல்கிறான். எங்கள் பாஷையை மறந்துவிட்டான் போல. அது உங்கள் நாட்டுச் சொல்லா?"

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். மேடம், இது உங்கள் அண்ணன் இல்லை. நான் அங்கே போகவேயில்லை. இது எவனோ. மூன்று வசனம்தான். ஆனால் கிழவியின் முகத்தில் எண்பது வருசத்துக்குப் பிறகு ஒரு வெளிச்சம் இருந்தது. அதை அணைக்கிற தைரியம் அவளுக்கு இல்லை.

"எனக்குத் தெரியாது, மேடம்."

கொப்பியில் அன்றைய வரி: "4:52. தெரியாது எண்டு சொல்லிப்போட்டன். பாவி நான்."

நவம்பர் 11. திங்கட்கிழமை.

காலையில் நடந்த நினைவுக் கூட்டம் கலைந்த பிறகு, பின்னேரம் 3:45க்கு அவர்கள் புவாண்ட்-கிளேர் இடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சக்கர நாற்காலி ஏற்றும் வண்டி வாசலில் நின்றது. மெல்லிய பனி. தரையோடு பதித்த நூற்றுக்கணக்கான கற்கள், வரிசை வரிசையாக. கற்களுக்குப் பக்கத்தில் சின்னக் கொடிகள், சிவப்புப் பொப்பிப் பூக்கள். தகப்பனின் கல்லோரம் இடுகாட்டு ஊழியர் உள்ளங்கை அளவுக்குப் புல்லை வெட்டிக் குழி எடுத்து வைத்துவிட்டு, தொப்பியைத் தொட்டு வணங்கிப் போய்விட்டார்.

ஒருவரும் இல்லை. நாற்காலியில் மொரீன். பின்னால் அவள். மடியில் போத்தல்.

இதுதான் கடைசிச் சந்தர்ப்பம் என்று அவளுக்குத் தெரிந்தது. இரவு முழுக்கப் படுக்காமல் யோசித்து வைத்திருந்தாள். மண் குழிக்குள் விழுவதற்கு முன்னால் சொல்லிவிடவேண்டும். விழுந்த பிறகு சொன்னால் அது சொன்னதாகாது.

"மேடம்... ஒரு விசயம் சொல்லவேணும்."

"தெரியும், குளிர்கிறது. ஒரு நிமிசம் மட்டும்." மொரீன் மூடியைத் திருகினார். நடுங்குகிற கை அன்றைக்கு நடுங்கவில்லை. "அப்பா, கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்," என்றார் கல்லைப் பார்த்து.

குணேஸ்வரி மூடியைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

4:22. மண் விழுந்தது. செம்மண் இல்லை, வெண்மண் இல்லை, நடுவான ஒரு நிறம். பனிக்கு மேல் அது தனியாகத் தெரிந்தது.

மொரீன் கண்ணை மூடிக் கும்பிட்டார். பிறகு கண்ணைத் திறந்தார். குழியைப் பார்த்தார். இடதுபக்கம் பார்த்தார்.

"அவன் போகமாட்டேன் என்கிறான்."

"ஆர், மேடம்?"

"இது தன்னுடைய இடமில்லை என்பதுபோல நிற்கிறான்."

4:25.

காற்று நின்றது. கொடிகள் ஆடவில்லை.

"குணி."

"ம்ம்..."

"அவன் உன்னைத்தான் பார்க்கிறான்."

திரும்பவில்லை அவள்.

கழுத்துக்குப் பின்னால் குளிர் விலகியது. மைனஸ் நான்கில், கழுத்தில் வியர்த்தது.

இரண்டு கிழமைக்கு மேலாகப் பூட்டி வைத்திருந்த வாய் தானாகத் திறந்தது. தமிழில்.

"ஆர் நீங்கள்?"

ஒன்றும் இல்லை...

ஒன்றும் இல்லை...

பிறகு, இடது காதுக்குப் பக்கத்தில். சூடான மூச்சு.

"வீட்டை போவமோ, அக்கா?"

4:26.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாசல்வரை எப்படி வந்தாள் என்று அவளுக்கு இன்றைக்கும் நினைவில்லை. வண்டியில் மொரீன் வெறும் போத்தலை மடியில் வைத்திருந்தார். வீட்டுக்கு வந்து, உடுப்பு மாற்றி, கட்டிலில் கிடத்தி, போர்வையை இழுத்துவிடும்போது மொரீன் கேட்டார்.

"குணி, அன்றைக்கு என்ன பூ வைத்ததாகச் சொன்னாய்?"

"வெள்ளைப் பூ, மேடம்."

மொரீன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமில்லாத பார்வை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள்.

"நல்லது," என்றார். "யாரோ ஒருவருக்காவது வைத்திருப்பாய்."

நவம்பர் 19ஆம் தேதி விடியற்காலையில், நித்திரையில், மொரீன் போய்விட்டார். தகப்பனுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். குணேஸ்வரி ஒரு கட்டு வெள்ளைப் பூ வாங்கிக்கொண்டு போனாள். முதல் தடவையாக உண்மையான பூ. அதை அந்தச் சின்னக் குழியின் மேல் வைத்தாள். எல்லாரும் கிழவிக்குத்தான் அழுகிறாள் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு கிழமைக்குக் கிட்ட ஒன்றுமில்லை. முடிந்தது என்று நினைத்தாள்.

டிசம்பர் முதலாம் தேதி, ஞாயிறு. காலை 7:35. யோகேஸ்வரி வட்சப்பில் எடுத்தாள். அங்கே பின்னேரம் ஆறு மணி கழிந்திருந்தது.

"அக்கா, நான் இப்ப எங்கை இருந்து கதைக்கிறன் எண்டு சொல்லு பாப்பம். பின்கதவடியிலை! கதவை ஆவெண்டு திறந்துவைச்சுக்கொண்டு, படியிலை இருந்து தேத்தண்ணி குடிக்கிறன். மைமலுக்கை!"

"அதுக்கென்னடி?"

யோகேஸ்வரி கோப்பையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "உன்னட்டை ஒண்டும் சொல்லேல்லை. நீ பயந்து கலியாணத்துக்கு வராமல் விட்டிடுவாய் எண்டு. இந்தக் காணியை வித்தவர் காசை வாங்கிப்போட்டுப் போகேக்கை சொன்னவர், வடகிழக்கு மூலையிலை கிணறு வெட்டாதேங்கோ எண்டு. கடைசிச் சண்டையிலை அதிலை ஆரையோ புதைச்சதாம். பேர் ஊர் ஒண்டும் தெரியாது. எந்தப் பக்கத்து ஆள் எண்டுகூடத் தெரியாதாம்."

குணேஸ்வரி கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"எட்டு வருசம், அக்கா. ஒரு நாள் தவறாமல் மைமலுக்கை பின்கதவடியிலை வந்து நிண்டு, 'அக்கா... அக்கா...' எண்டு கூப்பிடும். தண்ணி வைச்சா குடிக்கும். நீ வந்து நிண்ட நாளெல்லாம் மைமலுக்குப் பின்கதவைப் பூட்டி, பாட்டைச் சத்தமாப் போட்டு மறைச்சனாங்கள். ஐயரைக் கேட்டம். அது ஒண்டும் செய்யாது, ஆனால் ஒருத்தரும் பதில் குடுக்கப்படாது எண்டவர். பதில் குடுத்தால் அதைக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு ஏற்றுக்கொண்ட மாதிரியாம். அந்தச் சனியன் போகட்டும் எண்டுதான் அதே மூலையிலை கன்னிக்காலும் நட்டது."

"இப்பவும் வருகுதோ?"

"நீ வெளிக்கிட்ட நாளிலை இருந்து ஒரு சத்தம் இல்லை. முதலிலை நம்பேல்லை. இப்ப மூண்டு மாசம். வீடே குளிர்ந்துபோச்சு. கன்னிக்கால் வந்த ராசி எண்டு இவர் சொல்லுறார்." பிறகு யோகேஸ்வரியின் குரல் இறங்கியது. "அக்கா... நீ அண்டைக்குப் பின்வளவுக்கை நிண்டனியெல்லே. நீ அதோடை ஒண்டும் கதைக்கேல்லைத்தானே?"

"இல்லை," என்றாள் குணேஸ்வரி.

அதுவும் பொய்தான். இந்த முறை யாரையும் சந்தோசப்படுத்தச் சொன்ன பொய்கூட இல்லை. வெறும் பயத்தில் சொன்னது.

அன்று பின்னேரம் அவள் விளக்குப் போடாமல் குசினியில் இருந்தாள். சென்ட் லோரன்ட் வீட்டின் குசினிக்குப் பின்னால் ஒரு சின்ன பல்கனி, மூன்றாம் மாடி. வெளியிலிருந்து ஏறி வரப் படி இல்லை. வெளியே மைனஸ் பதினொன்று.

4:13. வெளிச்சம் போனது.

4:20. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்... சரக்.

"அக்கா..."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பதில் சொல்லவில்லை.

"அக்கா... குளிருது."

எட்டு வருசம் வெயில் மண்ணில் கிடந்து கூப்பிட்டவனை, வீட்டுக்குப் போவோம் என்று பொய் சொல்லி, மிளகாய்த்தூளுக்கு நடுவில் சுற்றி, இந்தக் குளிருக்குள் கூட்டிக்கொண்டு வந்தவள் அவள்தான். அவனுடைய வீடு எது என்று அவளுக்குத் தெரியாது. கேட்டுச் சொல்ல உலகத்தில் ஒருவரும் இல்லை.

கொப்பியில் அதற்குப் பிறகு ஒரு வரிதான். மருந்தும் இல்லை, மொரீனும் இல்லை, கையெழுத்து மட்டும் நேராக இருக்கிறது.

"4:31. கதவைத் திறந்துவிட்டன்."